ஆற்றிடைத் திருநகர்

கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். கோடையில் அந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொண்டு, நடப்பவர் காலைப் பற்றி இழுக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அம்மழையை நம்பியே அங்கு விதைக்கப்படுகின்றன. வைப்பாறு அப்பக்கத்தில் ஓடும் ஆறுதான். எனினும் ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே காட்சி தரும். ஆதலால் அந்நாட்டு மக்கள் நீரைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்து வாழப் பழகியவர்கள். வானம் கறுத்தாலன்றி நீர் வாராது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை.

அக்கரிசல் நாட்டிலிருந்து இரயில் வண்டி ஏறி வடக்கு நோக்கிச் சென்றால், விருதுநகர், மதுரை, திண்டுக்கல் ஆகிய ஊர்களைக் கடந்து திருச்சிராப்பள்ளியை அடையலாம். வழி 200 கி.மீ.க்கு மேற்பட்டது. திருச்சிராப்பள்ளியைத் தாண்டியவுடன் வண்டி நீண்டதொரு பாலத்தின்மேல் ஊர்கிறது. கீழே ஓடுவது காவிரி. பின்னர்ச் சிறிது தொலைவு தென்னையும் வாழையும் செறிந்த பசுந்தரை. அதன் நடுவே வானளாவிய கோபுரம் ஒன்று தோன்றும். ஊரைத் தாண்டினால் மீண்டும் ஒரு பாலம். அதன் கீழ் முன்னதினும் அகன்ற மற்றோர் ஆறு. அதுவே கொள்ளிடம். இரண்டு பாலங்களுக்கும் இடையில் கண்ட ஊரே திருவரங்கம். இதனைச் சீரங்கம் என்றும் ஸ்ரீரங்கம் என்றும் வழங்குவர்.

ஆடித் திங்களில் அங்குச் செல்லும் கரிசல் நாட்டார் ஒருவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். வானத்தில் முகில் ஒன்றும் இராது. வெயில் சுள்ளென்று எரிக்கும். ஆயினும் ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். அந்நீர் அவ்வூர் வானம் தந்ததன்று. குடகு மலையில் தென்மேற்குப் பருவக்காற்றால் பெய்த மழை அது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, அங்கிருந்து திறந்துவிடப்பட்டு வருகிறது. நீர் இல்லாமையால் வருந்தும் ஊர்கள் பல. இருபுறமும் நீர் சூழ நின்று, அந்நீராலேயே வாழ்ந்து, அந்நீருக்கே அஞ்சியும் வந்த ஊர் திருவரங்கம். அவ்வூர் இன்றுவரை நிலைத்து நிற்பது எவ்வாறு என்பது அறியத்தக்கது.

பெயரும் பொருளும்

அரங்கம் என்னும் சொல்லுக்கு ஆடும் மேடை, அவை எனப் பல பொருள் உண்டு. ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் நிலம் என்பதும் அதன் பொருள்களுள் ஒன்று. அத்தகைய நிலத்தைத் துருத்தி என்றும், ஆற்றிடைக்குறை என்றும் நம் முன்னோர் வழங்கினர். சிலப்பதிகாரம் திருவரங்கத்தைத் துருத்தி என்றே சுட்டுகிறது. எனவே, இவ்வூரின் பெயரே இதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது.

காவிரி தான் செல்லும் வழியில் இவ்வாறு மூன்று புகழ்பெற்ற தீவுகளைப் படைத்திருக்கிறது. மைசூரை அடுத்த சீரங்கப்பட்டணம் ஒன்று. ஐதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் தலைநகராய் இருந்து, 1799-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்ட ஊர் அது. இரண்டாவது சிவசமுத்திரம். அங்கு அருவியாக விழும் காவிரியைக் கொண்டு 1902-ஆம் ஆண்டில் மின்னாற்றல் ஆக்கி, கோலார்ப் பொற்சுரங்கங்களுக்கு அனுப்பினர். மூன்றாவது திருவரங்கம். இம்மூன்றினையும் ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று வைணவர் போற்றுவர்.

ஆற்றிடைத் தீவில் ஊர் அமைத்தல் தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு, சேன் ஆற்றின் நடுவிலுள்ள சிறு தீவிலிருந்தே வளர்ந்து பெருகிய நகரம். அசாம் மாநிலத்தில் பிரமபுத்திரை ஆற்றின் நடுவே மாசுலி என்னும் பெருந்தீவு உள்ளது. 2016-ஆம் ஆண்டில் அது தனி மாவட்டம் ஆக்கப்பட்டது. ஆனால் வெள்ளந்தோறும் கரை அரிக்கப்பட்டு அத்தீவு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆறு தன் கையால் இட்ட மண்ணைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பதற்கு மாசுலி சான்றாகும்.

தீவு அமைந்த வகை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயருடனேயே செல்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப்படும். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் ஆதலின் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். இரு கிளைகளும் கிழக்கே கல்லணை அருகில் மீண்டும் நெருங்கி வருகின்றன. முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள நிலமே திருவரங்கத் தீவு. அதன் அகலம் நீளத்தை நோக்க மிகச் சிறிது. திருவரங்கம், திருவானைக்கா என்னும் இரு பழம்பதிகளும் இத்தீவில் உள்ளன.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உள்ள உறவைக் கரிசல் நாட்டு மாணவர் எளிதில் உணரலாம். கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் வெளியேறுதற்கு மறுகால் அமைத்திருப்பார்கள். மறுகால் மிகத் தாழ்ந்திருந்தால் பயிருக்கு வேண்டிய நீரும் வழிந்து போகும். மிக உயர்ந்திருந்தால் கரை உடைந்து ஊர் அழியும். கண்மாய்க்கு மறுகால் எத்தகையதோ, காவிரிக்குக் கொள்ளிடம் அத்தகையது. அம்மறுகாலின் உயரத்தை அளவறிந்து காத்தலிலேயே தீவின் வாழ்வும் தஞ்சை நாட்டின் விளைவும் அடங்கியிருக்கின்றன.

படித்துறையும் கோபுரமும்

ஊரைக் காணச் செல்வோர் காவிரியின் வடகரையில் உள்ள அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தொடங்குதல் நன்று. ஆடிப் பதினெட்டாம் நாளில் இப்படித்துறையில் மக்கள் திரள் திரளாகக் கூடுவர். பெருகி வரும் புதுப்புனலுக்குப் பூவும் பழமும் இட்டு, புதிய மஞ்சள் கயிறு அணிந்து பெண்டிர் வழிபடுவர். வறண்ட காலத்தில் அதே படிகளில் நின்றால் மணற்பரப்பே கண்ணுக்குத் தெரியும். ஆற்றின் இரு முகங்களையும் அறிந்தவை அப்படிகள்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் எதிரே நிற்பது இராசகோபுரம். பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமும் உடையது. இதன் வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது. விசயநகர வேந்தர் அச்சுதராயர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், இதன் கட்டடப் பணி தொடங்கிற்று. கல்லால் ஆகிய அடிப்பகுதி எழுந்த அளவில் பணி நின்றது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பேரரசுகள் வந்தன, போயின. 1979-ஆம் ஆண்டில் அகோபில மடத்தின் 44-ஆம் பட்டத்துச் சீயர் அப்பணியை மீண்டும் தொடங்கினார். செல்வரும் எளியவரும் தந்த பொருளால் கோபுரம் வளர்ந்தது. 1987-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் அதற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஒரு தலைமுறையார் இட்ட அடித்தளத்தின்மேல், அவர் முகமும் அறியாத பிறிதொரு தலைமுறையார் கோபுரம் எழுப்பினர்.

ஏழு திருச்சுற்றுகள்

திருவரங்கத்தில் கோயில் வேறு, ஊர் வேறு என்று பிரித்துக் கூற இயலாது. கோயிலின் மதில்களுக்குள்ளேயே ஊர் அமைந்திருக்கிறது. கோயிற் பரப்பு 156 ஏக்கர், கோபுரங்கள் 21. ஒன்றனுள் ஒன்றாக ஏழு திருச்சுற்றுகள் கருவறையைச் சூழ்ந்துள்ளன. உள்ளிருந்து புறமாக எண்ணினால் தருமவர்மன், இராசமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் என அவை பெயர் பெறும். வேந்தர், ஆழ்வார் ஆகியோர் பெயர்களே அவை. ஆலிநாடன் என்பது திருமங்கையாழ்வாரைக் குறிக்கும். ஒருவர் கட்டிய கோயில் அன்று இது. காலந்தோறும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மதிலைச் சேர்த்தனர் என்பதனை இப்பெயர்களே காட்டுகின்றன.

ஆறாம் சுற்றினை மக்கள் உத்தர வீதி என்றும், ஏழாம் சுற்றினைச் சித்திரை வீதி என்றும் வழங்குகின்றனர். இவ்வீதிகளில் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. திண்ணை வைத்த பழைய வீடுகள் சிலவற்றை இன்றும் காணலாம். பூக்கடை, பாத்திரக்கடை, உணவு விடுதி, பள்ளி செல்லும் சிறுவர், தேர் ஓடும் வழி ஆகிய அனைத்தும் மதிலுக்குள்ளேதான். சித்திரைத் தேரும் தைத் தேரும் இவ்வீதிகளை வலம் வரும். இவ்வேழு சுற்றுக்கும் புறத்தே அடையவளைந்தான் வீதி ஊரை வளைத்துச் செல்கிறது.

உள்ளே செல்லச் செல்ல வீடுகள் மறைந்து மண்டபங்கள் தோன்றும். ஆயிரக்கால் மண்டபமும், அதன் எதிரே சேடராயர் மண்டபமும் பெருமை வாய்ந்தவை. சேடராயர் மண்டபத்துத் தூண்களில், முன்னங்கால் உயர்த்திப் பாயும் குதிரைகளையும், அவற்றின்மேல் அமர்ந்து விலங்குகளோடு பொரும் வீரரையும் சிற்பிகள் வடித்துள்ளனர். கருவறைமேல் உள்ள விமானம் பொன் வேய்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சடாவர்மன் சுந்தரபாண்டியன் அதற்குப் பொன் வேய்ந்து, பொன்வேய்ந்த பெருமாள் என்னும் பெயர் பெற்றான்.

கோயிலின் உள்ளே செங்கல்லாற் கட்டப்பெற்ற பெரிய வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் உள்ளன. கரிசல் நாட்டு வீடுகளில் கம்பும் சோளமும் கொட்டி வைத்த குலுக்கையைக் கண்டவர்க்கு இவற்றின் பயன் உடனே விளங்கும். குலுக்கை ஒரு வீட்டின் பசியைக் காத்தது. இக்களஞ்சியம் ஒரு திருநகரின் பசியைக் காத்தது. அளவே வேற்றுமை; நோக்கம் ஒன்றே.

கல் சொல்லும் செய்தி

இக்கோயிற் சுவர்களில் 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தமிழ் மட்டுமன்றி, வடமொழி, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளிலும் அவை பொறிக்கப்பட்டுள்ளன. 10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டும் அவற்றுள் உண்டு. சோழர், பாண்டியர், போசளர், விசயநகர வேந்தர் ஆகிய பல அரச மரபினரும் இங்குத் தம் கொடைகளைக் கல்லில் எழுதிச் சென்றனர்.

அக்கொடைகள் விளக்கெரித்தற்கும் மாலை தொடுத்தற்கும் மட்டும் அளிக்கப்பட்டவை அல்ல. இங்கு ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. நோயுற்றோர்க்கு மருந்தளித்த மருத்துவசாலை அது. அழிந்துபட்ட அதனைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்த செய்தியை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கிறது. மருத்துவக் கடவுளாகிய தன்வந்திரிக்கு இக்கோயிலில் தனித் திருமுன் இருப்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. மதில் சூழ்ந்த ஊரில் உணவுக்குக் களஞ்சியமும், நோய்க்கு மருத்துவசாலையும், நீருக்குக் குளமும் கிணறும் இருந்தன. தீவில் வாழ்வோர் வெள்ளக் காலத்தில் புறத்தாரை எதிர்பார்த்திருத்தல் இயலாது என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர் போலும்.

வெள்ளமும் படையும்

திருவரங்கக் கோயிலின் பழைய வரலாற்றைக் கூறும் நூல் கோயிலொழுகு. தருமவர்மன் என்னும் சோழன் கட்டிய முதற் கோயில் காவிரி வெள்ளத்தால் மணல் மூடிக் காடாகிப் போயிற்று என்றும், பின்னர்க் கிளிச்சோழன் என்பவன் ஒரு கிளி கூறிய குறிப்பால் அவ்விடத்தை அறிந்து கோயிலை மீட்டான் என்றும் மரபுக்கதை வழங்குகிறது. கிளி பேசிற்று என்பது கதையாகுக. ஆயினும் ஊரை ஆறு விழுங்கிவிட்ட ஒரு காலத்தின் நினைவு அக்கதையினுள் ஒளிந்திருக்கிறது. தன் கோயிலுக்கு நேர்ந்த முதல் தீங்காக ஊர் மக்கள் நினைவில் வைத்தது வெள்ளத்தையே.

அடுத்து வந்தது படை. 1311-ஆம் ஆண்டில் மாலிக்காபூரின் படையும், 1323-ஆம் ஆண்டில் தில்லியிலிருந்து மற்றொரு படையும் தெற்கே வந்தன. இரண்டாம் முறை, கோயிலின் உற்சவத் திருமேனியைப் பிள்ளை உலகாசிரியர் என்னும் முதிய ஆசிரியர் தம் மாணாக்கருடன் எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார். முதுமையும் வழிவருத்தமும் தாங்காது மதுரைக்கருகே அவர் உயிர் நீத்தார். திருமேனி பல ஊர்களில் மறைத்துக் காக்கப்பட்டு, 1371-ஆம் ஆண்டில் விசயநகரப் படைத்தலைவர் கோபணர் முயற்சியால் திருவரங்கம் மீண்டது. 48 ஆண்டுகள் தலைவன் இல்லாத இல்லமாய் ஊர் காத்திருந்தது. மீண்ட செய்தி கோயிற் சுவரில் கல்வெட்டாக நிற்கிறது.

1752-ஆம் ஆண்டில் மீண்டும் போர் வந்தது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் பின்வாங்கி இத்தீவில் புகுந்தனர். இருபுறமும் ஆறு இருத்தலின் இங்குப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று கருதினர். திருவரங்கம், திருவானைக்காக் கோயில்களின் மதில்கள் அவர்க்குக் கோட்டையாயின. ஆனால் ஆங்கிலேயரும் அவர் துணைவரும் தீவுக்கு உணவு வரும் வழிகளை அடைத்தனர். காவலாக நின்ற ஆறே சிறைமதில் ஆயிற்று. சூன் திங்களில் பிரெஞ்சுப் படை பணிந்தது. நீர் அரணாதலும் உண்டு. நீரே தளையாதலும் உண்டு.

கொள்ளிடமும் அணைகளும்

ஊரின் வடக்கே நடந்தால் கொள்ளிடக் கரையை அடையலாம். இதனை வடதிருக்காவிரி என்பர். வெள்ளம் இல்லாத நாளில் இது கண்ணுக்கெட்டிய தொலைவு மணலாகவே கிடக்கும். பெருவெள்ளம் வந்தால் கடல் போல் விரியும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெருங்கவலை எழுந்தது. கொள்ளிடம் காவிரியினும் நேரான வழியில், சரிவு மிகுந்து கடலை நோக்கிச் செல்வது. ஆகவே, அதன் தரை ஆழ்ந்துகொண்டே போயிற்று. காவிரியின் தரையோ வண்டல் படிந்து மேடாயிற்று. நீர் பள்ளத்தை நாடுவது இயல்பு. வந்த நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலிற் சென்றது. தஞ்சை நாட்டு வயல்கள் வாடின. மறுகால் தாழ்ந்த கண்மாயின் நிலை காவிரிக்கு வந்தது.

இதனை மாற்ற ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தாழ்ந்த மறுகாலை உயர்த்தியதற்கு ஒப்பான செயல் அது. நீர் மீண்டும் காவிரியிற் பாய்ந்தது. இத்தகைய அணையை மணற்படுகையின்மேல் நிறுவும் வழியைக் காட்டன் எங்கே கற்றார்? தீவின் கீழ்க்கோடியில், கரிகாலன் கட்டியதாக மரபு போற்றும் கல்லணையிற் கற்றார். பாறை கிடையாத ஆற்றில், பெருங்கற்களை மணலில் இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொண்ட பின் மேலும் கற்களை அடுக்கி அணை எழுப்பிய பழந்தமிழர் திறத்தை அவர் வியந்து போற்றினார்.

தீவின் மேற்குத் தலையில் மேலணை; கிழக்கு வாயிலில் கல்லணை. மேலணை, காவிரி நீர் முழுவதும் கொள்ளிடத்தில் இறங்காதபடி தடுக்கிறது. கல்லணை, தாழ்ந்து ஓடும் கொள்ளிடத்தோடு காவிரி மீண்டும் கலந்து வீணாகாதபடி தடுத்து, வயல்களுக்கு நீரைப் பிரித்து விடுகிறது. பெருவெள்ளம் வருங்கால் இரண்டிலும் மிகுநீர் கொள்ளிடத்துக்கே விடப்படும். திருவரங்கத்தார் அச்சமின்றி உறங்கும் ஒவ்வோர் இரவும் இவ்விரண்டு காவலரால் அமைவது.

திருவானைக்கா

திருவரங்கத்தின் கிழக்கே அதே தீவில் உள்ளது திருவானைக்கா. ஐம்பூதத் தலங்களுள் இது நீர்த்தலம். கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆற்றில் நீர் மிக்க காலத்தில் அவ்வூற்றும் மிகும். மணலினூடே ஆறு தீவின் அடியிலும் பரந்து செல்கிறது என்பதற்கு அவ்வூற்றே சான்று. கோச்செங்கட் சோழன் இக்கோயிலைக் கட்டியதாக மரபு கூறும். வைணவத் திருப்பதியும் சைவத் திருப்பதியும் ஒரே தீவில், ஒரே நீரை உண்டு, அண்மையில் நிற்கின்றன. அவர் வணங்கும் முறை வேறாகலாம். வெள்ளம் வந்தால் இருவர்க்கும் வந்த துன்பம் ஒன்றே.

பழுதும் பாதுகாப்பும்

கல்லாலும் சுண்ணத்தாலும் ஆகியவை என்றும் அழியா என்று எண்ணிவிடலாகாது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காவிரியில் பெருநீர் வந்தது. அத்திங்கள் 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பகுதியிலுள்ள 9 கண்கள் இடிந்து ஆற்றிற் சென்றன. 182 ஆண்டு நின்ற அணை அது. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி முதலில் உடைப்பை அடைத்தனர். பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பெற்றது. அதே திங்களில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ஆம் ஆண்டில் அமைந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அருகில் புதிய பாலம் ஏற்கெனவே திறக்கப்பட்டுப் பழைய பாலத்தில் வண்டிப் போக்குவரவு நின்றிருந்தமையால் பெருந்தீங்கு நேரவில்லை.

ஆற்றின் நடுவே எழுப்பிய தூணைத் தாங்குவது மணல். வெள்ளத்தின் வேகத்தாலும், அளவு கடந்து மணல் அள்ளுவதாலும் ஆற்றின் தரை தாழும். தரை தாழ்ந்தால் தூணின் அடி வெளிப்படும். அடி வெளிப்பட்ட தூண் எத்தனை வலிமை வாய்ந்ததாயினும் நில்லாது. மணலைக் காத்தல் பாலத்தையும் அணையையும் காத்தலாகும். மணல் வேறொன்றுக்கும் உதவுகிறது. மணற்படுகை தன்னுள் நீரைச் சேமித்துத் தூய்மையாக்குகிறது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் காவிரி மணற்படுகையில் எடுக்கும் நீர், குழாய் வழியே வறண்ட இராமநாதபுரம் மாவட்டம் வரை குடிநீராகச் செல்கிறது. கோவில்பட்டி நகரும் தாமிரபரணிப் படுகையிலிருந்து வரும் நீரையே குடிக்கிறது. எங்கோ ஓடும் ஆற்றின் மணல் நமக்கு என்ன தொடர்புடையது என்று கரிசல் நாட்டார் கூறுதல் இயலாது.

கோயிலிலும் பழுது உண்டு, திருத்தமும் உண்டு. 2015-ஆம் ஆண்டுக் குடமுழுக்கினை முன்னிட்டு இங்குப் பெரிய திருப்பணி நடந்தது. பிற்காலத்தில் சேர்த்த தடுப்புச் சுவர்கள் நீக்கப்பட்டன. மண் மூடிக் கிடந்த பழைய மழைநீர் வடிகால்கள் கண்டறிந்து தூர் வாரப்பட்டன. முன்னோர் மழைநீர் தேங்காது வெளியேற வழி வைத்திருந்தனர்; பின்வந்தோர் அதனை மறந்து மூடிவிட்டனர்; மீண்டும் திறந்தபின் கோயில் பண்டுபோல் பொலிவுற்றது. இப்பணிக்காக 2017-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய பாராட்டுப் பரிசினை அளித்தது. எனினும், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கீழ்வாயிற் கோபுரம் ஒன்றின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நள்ளிரவாதலின் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. ஒருமுறை பழுது பார்த்தால் போதும் என்று இருந்துவிட முடியாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆற்றிடைக்குறை என்பதில் குறை என்னும் சொல் துண்டு நிலத்தைக் குறிக்கும். குற்றத்தைக் குறிப்பதும் அச்சொல்லே. ஆறு படைத்த துண்டு நிலத்தை, ஆற்றால் வரும் குற்றம் நேராமல் காத்துத் திருநகராக வைத்திருப்பவர் மக்களே. மதில் சேர்த்தவர், வடிகால் அமைத்தவர், அணை கட்டியவர், நின்ற கோபுரத்தை முடித்தவர், இடிந்ததை எடுத்துக் கட்டியவர் எனப் பல தலைமுறையாரின் கைகள் திருவரங்கத்தைத் தாங்கி நிற்கின்றன. அவருட் பெரும்பாலார் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

திருவரங்கத்தைக் கண்டு மீளும் மாணவர் தம் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒருமுறை நின்று நோக்குதல் வேண்டும். கரை உறுதியாய் இருக்கிறதா, மறுகால் அடைபடாமல் இருக்கிறதா, வரத்துக்கால் தூர்ந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். காவிரியை அளவிற் காத்த அறிவும் கண்மாயை அளவிற் காக்கும் அறிவும் ஒன்றே. ஐப்பசி மழைக்கு முன் அவ்வேலையை முடித்த ஊரே அவ்வாண்டு நீர் உண்ணும்.